வீட்டு கிளீனரில் வினிகர், ஆப்ப சோடா, எலுமிச்சை, கற்பூரம் எல்லாம் ஒன்றாகச் சேர்க்கலாமா?

மாடிவீட்டு மல்லி:

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஒன்றரை வயது, இப்போதுதான் ஓடத் தொடங்கியிருக்கிறாள், தரையில் கிடப்பதெல்லாம் நேராக வாய்க்குப் போகிறது. அதனால் கடை பினாயில், பாத்ரூம் ஆசிட் எல்லாவற்றையும் குறைத்துவிட்டு வீட்டில் இருக்கும் பொருட்களை வைத்தே துடைக்கலாம் என்று பார்க்கிறேன். சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்முறை வந்தது: ஒரு கப் வெள்ளை வினிகர், இரண்டு ஸ்பூன் ஆப்ப சோடா, ஒரு எலுமிச்சம்பழச் சாறு, ஒரு கைப்பிடி கல்லுப்பு, இரண்டு வில்லை கற்பூரம், பாத்திரம் தேய்க்கும் லிக்விட் கொஞ்சம். எல்லாவற்றையும் ஒரு பாட்டிலில் ஊற்றி மூடி வைத்துக்கொண்டால் தரை, சிங்க், டைல்ஸ், கண்ணாடி எல்லாவற்றுக்கும் இதுவே போதுமாம்.

செய்வதற்கு முன்னால் இங்கே கேட்கிறேன். இதில் எந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது? எங்கள் வீட்டுச் சமையல் மேடை கடப்பாக் கல், ஹாலில் பழைய மொசைக் தரை, பாத்ரூமில் டைல்ஸ். போர் தண்ணீர் என்பதால் குழாய்களிலெல்லாம் வெள்ளையாக உப்பு படிந்திருக்கும். வீட்டில் ஒரு பூனையும் உண்டு.

பிப்பெட்:

மல்லி, பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். முதலில் ஒன்று, அந்தக் கலவையைப் பாட்டிலில் ஊற்றி மூடாதீர்கள். வினிகரில் இருப்பது அசிட்டிக் அமிலம், கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரில் பொதுவாக 4 முதல் 5 சதவீதம் இருக்கும். ஆப்ப சோடா என்பது சோடியம் பைகார்பனேட், அது காரம். இரண்டும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு பொங்கும். இரண்டு டீஸ்பூன் சோடாவிலிருந்தே இரண்டு லிட்டருக்கு மேல் வாயு வரும், அது மூடிய பாட்டிலுக்குள் எங்கே போகும்? மூடி தெறிக்கும், பாட்டிலே வெடிக்கவும் வாய்ப்புண்டு.

அதைவிட எனக்கு வருத்தம், நல்ல இரண்டு பொருட்கள் இப்படி வீணாவது. ஒரு கப் வினிகரின் அமிலத்தில் ஏறக்குறைய பாதியை இரண்டு டீஸ்பூன் சோடா தின்றுவிடும், அந்த 'ஸ்பூன்' மேசைக்கரண்டி என்றால் அமிலம் முழுவதுமே காலி. மிஞ்சுவது சோடியம் அசிடேட் கலந்த தண்ணீர், அது அழுக்கை ஒன்றும் பெரிதாகச் செய்யாது. நுரை பொங்குவதைப் பார்த்ததும் ஏதோ பலமாக வேலை நடக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

எந்தச் செய்முறையைப் பார்த்தாலும் ஒவ்வொரு பொருளும் அமிலமா, காரமா, நுரைக்கிற பொருளா, வெறுமனே உரசுகிற பொருளா என்று பிரித்துப் பாருங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வினிகர், எலுமிச்சை, புளி எல்லாம் அமிலம். போர் தண்ணீர் விட்டுப்போகும் வெள்ளைப் படிவில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், அதை அமிலம் கரைக்கும். பித்தளை, செம்பு களிம்பும் அப்படித்தான், நம் வீடுகளில் புளி போட்டுத் தேய்ப்பது அதிலுள்ள டார்டாரிக் அமிலத்துக்காக. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கில் அமிலத்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது, அதற்குக் காரம் வேண்டும். ஆப்ப சோடா ரொம்ப மென்மையான காரம், பிஎச் 8 சொச்சம்தான் (பிஎச் 7 நடுநிலை, அதற்கு மேல் ஏற ஏறக் காரம் கூடும்), அதனால் ஈரத்துணியில் தொட்டு சிங்க்கைத் தேய்க்க அருமை. அடுப்புக்குப் பின்னால் டைல்ஸில் ஒட்டிப்போன பிசுக்குக்கு வாஷிங் சோடா, அதாவது சோடியம் கார்பனேட், பிஎச் 11 வரை போகும், கையுறை கட்டாயம்.

கல்லுப்பு உரசுவதற்கு மட்டும்தான். தண்ணீரில் கரைந்துவிட்டால் அந்த வேலையும் போச்சு, காய்ந்ததும் தரையில் வெள்ளையாகத் தெரியும். கற்பூரம் தண்ணீரில் சரியாகக் கரையாது, வாசனைக்கு மேல் அதற்கு இங்கே வேலை இல்லை. குழந்தை கொஞ்சம் விழுங்கினால்கூட வலிப்பு வரக்கூடிய பொருள் அது, உங்கள் வீட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

தளக்காரன்:

தரை, மேடை போடுகிற தொழிலில் இருக்கிறேன். டீச்சர் சொன்னது எல்லாம் சரி, ஆனால் உங்கள் வீட்டுக்கு முக்கியமான விஷயம் இன்னும் வரவில்லை. கடப்பாக் கல் சுண்ணாம்புக் கல் வகை. குழாயில் படிகிற அந்த வெள்ளை உப்பு எதுவோ, கல்லும் அதே சரக்குதான், அமிலத்துக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எலுமிச்சைச் சாறு சிந்தி ஊறினாலே மேடையில் மங்கலாகத் திட்டு விழும். அது கறை இல்லை, கல்லின் மேல் தோலே அரித்துப்போனது, தேய்த்தால் வராது, திரும்ப பாலிஷ் போட்டால்தான் சரியாகும்.

மொசைக்கும் அப்படியே. சிமென்ட்டும் பளிங்குச் சில்லும் சேர்ந்தது மொசைக், இரண்டையுமே அமிலம் அரிக்கும். மாசக்கணக்கில் வினிகர் தண்ணீரில் துடைத்த ஹால்களைப் பார்த்திருக்கிறேன், பளபளப்பு போய் சொரசொரவென்று ஆகி, அப்புறம் அழுக்கு இன்னும் சீக்கிரம் பிடிக்கும். ரெட் ஆக்சைடு தரைக்கும் இதே கதி. கிரானைட் தாங்கும், டைல்ஸ் தாங்கும், ஆனால் டைல்ஸ் இடுக்கில் அடைத்திருக்கும் ஒயிட் சிமென்ட் தாங்காது. தரைக்கு வாளித் தண்ணீரில் பாத்திர லிக்விட் சில சொட்டு போதும், அப்புறம் வெறும் தண்ணீரில் ஒருமுறை துடைத்துவிடுங்கள், குழந்தை கை வைத்தாலும் பயமில்லை.

குழாய் உப்புக்கு மட்டும் வினிகர். துணியில் நனைத்துக் குழாயைச் சுற்றி கால் மணி நேரம் விட்டு, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். ராத்திரி முழுக்க விடச் சொல்வார்கள், வேண்டாம், குரோம் பூச்சு கெடும்.

காரைக்குடி ஆச்சி:

அம்மா மல்லி, இவ்வளவு தூரம் வினிகர் வாங்கிக் கஷ்டப்படுவதற்குப் பதில் பூந்திக்கொட்டை வாங்கிப் பாரேன். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். நகை கழுவுவதற்கும் பட்டுப் புடவை அலசுவதற்கும் அந்தக் காலத்திலிருந்து அதுதான். பத்துப் பன்னிரண்டு கொட்டையை உடைத்து உள்ளே இருக்கும் கறுப்பு விதையை எடுத்துப் போட்டுவிட்டு, தோலை மட்டும் ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவை. காலையில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியதும் கையால் நன்றாகப் பிசைந்து வடிகட்டு. மொசைக், கடப்பா, பாத்திரம் எல்லாவற்றுக்கும் ஆகும், போர் தண்ணீரில் சோப்பு திரிகிற மாதிரி இது திரிவதும் இல்லை. ஆனால் கண்ணில் பட்டால் பயங்கர எரிச்சல், குழந்தை கைக்கு எட்டாமல் வை. வெளியே வைத்தால் சீக்கிரம் புளித்து நாற்றம் வரும், ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். எலுமிச்சை சேர்த்தால் இன்னும் நாள் தாங்கும் என்பார்கள், கடப்பா மேடை வைத்துக்கொண்டு நீ அதைச் செய்யாதே.

பழத்தோலை வெல்லத்தில் ஊறவைக்கும் பயோ என்சைமும் இப்போது எல்லோரும் செய்கிறார்கள். வெல்லம் ஒரு பங்கு, ஆரஞ்சு எலுமிச்சைத் தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, மூன்று மாதம். நானும் செய்கிறேன், டாய்லெட்டுக்கும் சிங்க் குழாய்க்கும் ஊற்றுகிறேன். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை விட வேண்டும். அதுவும் புளிப்புத்தான், தம்பி சொன்ன தரைகளுக்கு ஆகாது.

நைட் ஷிஃப்ட் செவிலி:

கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிளீச்சிங் பவுடர் அல்லது பிளீச் லிக்விட் புழங்கும் பாத்ரூமில் வினிகர், எலுமிச்சை, பயோ என்சைம், கடை டாய்லெட் கிளீனர் எதுவும் அதோடு சேரக் கூடாது. டாய்லெட் கிளீனர்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அமிலமும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு, நம் ஊர் பாத்ரூம் அளவுக்கு, அதுவும் ஜன்னல் சாத்தியிருந்தால், மூச்சுத் திணற அது போதும். ஒன்றைப் போட்டால் நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகு, வேறு நாளில் மற்றதைப் போடுங்கள். அப்படி ஏதாவது நெடி வந்தால் கழுவி முடிக்கலாம் என்று உள்ளே நிற்காதீர்கள், உடனே வெளியே வந்துவிடுங்கள்.

இன்னொன்று, அழுக்கு எடுப்பது வேறு, கிருமியைக் கொல்வது வேறு. அன்றாடம் துடைக்க மேலே சொன்னவை தாராளமாகப் போதும். குழந்தைக்கு வாந்தி பேதி வந்தால் வினிகரையும் சோடாவையும் நம்பாதீர்கள். அந்த இடத்தை முதலில் சோப்புத் தண்ணீரால் சுத்தம் செய்துவிட்டு, லேபிளில் உள்ள அளவுப்படி நீர்த்த பிளீச் லிக்விட் போட்டுக் கொஞ்ச நேரம் விட்டுத் துடையுங்கள்.

சில செய்முறைகளில் வெங்காரம் போடச் சொல்வார்கள், போராக்ஸ்தான் அது. இனப்பெருக்கத்துக்குத் தீங்கு செய்யக்கூடியது என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கும் பொருள். எதையும் வாயில் வைக்கிற வயதில் குழந்தை இருக்கும் வீட்டில் அதை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? வாசனைக்கு டீ ட்ரீ ஆயிலும் வேண்டாம், பூனை காலில் ஒட்டி, நக்கி உள்ளே போனால் அதற்கு விஷம். எதைச் செய்தாலும் பழைய குடிதண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள், பெயர் எழுதி ஒட்டி உயரத்தில் வையுங்கள். தெரியாமல் எடுத்துக் குடித்துவிட்டு வருகிறவர்கள் நிறைய.

மாடிவீட்டு மல்லி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அந்த வாட்ஸ்அப் கலவையை விட்டுவிடுகிறேன், குழுவிலும் இதை எழுதிப் போடுகிறேன். ஹாலுக்கும் மேடைக்கும் ஆச்சி சொன்ன பூந்திக்கொட்டைத் தண்ணீர், குழாய்க்கு மட்டும் வினிகர், அடுப்புப் பக்க டைல்ஸுக்கு வாஷிங் சோடா. இரண்டு சந்தேகம் பாக்கி: வாஷிங் சோடாவைப் பிசுக்குப் பிடித்த அலுமினிய இட்லிக் குண்டானுக்கும் போடலாமா? சோப்புத் துருவலைக் கரைத்து வினிகர் சேர்த்து லிக்விட் செய்யலாம் என்று வேறொரு வீடியோவில் பார்த்தேன், அது?

பிப்பெட்:

அலுமினியத்துக்கு வாஷிங் சோடா கூடாது மல்லி, உலோகத்தையே அரித்துக் கறுக்க வைக்கும், ஆப்ப சோடாவும் அதில் நேரம் போனால் மங்க வைக்கும். பிசுக்குக்குப் பாத்திர லிக்விடும் வெந்நீரும் போதும். உள்ளே கறுத்திருந்தால் தண்ணீரில் கொஞ்சம் புளியோ எலுமிச்சைத் தோலோ போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள், வெளுத்துவிடும், அந்தத் தண்ணீரைக் கடப்பா மேடையில் மட்டும் சிந்தவிடாமல் சிங்க்கில் கொட்டுங்கள்.

சோப்பும் வினிகரும் சேரவே சேராது. சோப்பு என்பதே எண்ணெயின் கொழுப்பு அமிலமும் காரமும் சேர்ந்த உப்பு, வினிகர் விட்டதும் அந்தக் கொழுப்பு அமிலம் பிரிந்து வெள்ளைத் திரளாக மேலே வந்துவிடும், துடைத்தால் பிசுபிசுவென்று தரையில் ஒட்டும். பாத்திர லிக்விடில் இருப்பது சோப்பு இல்லை என்பதால் அது திரியாது, ஆனால் வினிகர் சேர்த்துக் கடப்பாவிலும் மொசைக்கிலும் போட வழியில்லாதபோது உங்களுக்கு அந்தக் கலவையே தேவைப்படாது.