பெங்களூருல டெலஸ்கோப் கண்ணாடி அலைன் பண்ணத் தெரிஞ்சவங்க வேணும்

வணக்கம் மக்களே, ஜெயநகர்ல இருக்கோம். எட்டாவது படிக்கிற என் பொண்ணு வியாழனோட நாலு நிலாவையும், அதான் 1610-ல கலிலியோ பார்த்தாரே அதே நாலு, எங்க மொட்டைமாடில டெலஸ்கோப் வழியா தன் கண்ணாலயே பார்த்த அன்னைக்குத்தான் சயின்டிஸ்ட் ஆகணும்னு சொன்னா, கோளரங்கம் ஷோ பார்த்தப்போகூட வராத ஆசை அது. இப்ப அந்த டெலஸ்கோப்பே மக்கர் பண்ணுது.

114 எம்எம் நியூட்டோனியன் (ரெண்டு கண்ணாடி வச்ச டெலஸ்கோப்), ஃபோக்கல் லெங்த் 900 எம்எம். போன மாசம் வீடு மாறினதுல இருந்து 25 எம்எம் ஐபீஸ்ல (கண்ணு வச்சுப் பார்க்கிற லென்ஸ்) நிலா ஓகே, 9 எம்எம் போட்டா வியாழன் மங்கல், நட்சத்திரமெல்லாம் வால் முளைச்ச மாதிரி ஒரு பக்கமா இழுக்குது. வெளிய வச்சு நல்லா ஆறவிட்டோம், வேற ஐபீஸ் போட்டோம், வீடியோ பார்த்து சின்னக் கண்ணாடியோட மூணு ஸ்க்ரூவையும் திருப்பியாச்சு, மாறவே இல்ல. கடையில புதுசு வாங்குங்கன்றாங்க.

நேர்ல கொலிமேஷன் (கண்ணாடிகளை அலைன் பண்றது) பண்ணி அவளுக்கும் சொல்லிக் குடுக்கிறவங்க பெங்களூருல யாராவது இருக்காங்களா?