இண்டக்‌ஷன் அடுப்பின் ஐஜிபிடியை ஆஸிலோஸ்கோப்பில் பார்ப்பது எப்படி?

கேள்வி – கானாடுகாத்தான் வாசகர்

வணக்கம். எங்கள் பழைய வீட்டின் இரண்டாம் கட்டில் ஓர் அறையை ஒதுக்கி, இண்டக்‌ஷன் அடுப்புகளையும் இன்வெர்ட்டர்களையும் பழுது பார்த்து வருகிறேன். இப்போது இரண்டு சேனல் ஸ்கோப் (மின் அலைவடிவத்தைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப்) ஒன்று வாங்கியிருக்கிறேன். அடுப்பின் சுருளுக்கு மின்சாரத்தை வேகமாக விட்டு நிறுத்தும் சுவிட்ச்சான ஐஜிபிடியின் கலெக்டர் முனை அலைவடிவத்தைப் பார்ப்பதற்காக, புரோபின் (ஸ்கோப்பின் அளவுக் கம்பி) கிரவுண்ட் கிளிப்பை அதன் மறுமுனையான எமிட்டரில் மாட்டலாமா? ஸ்கோப் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிட்டால் போதும் என்கிறார் ஒரு நண்பர். வீட்டு வயரிங் தாத்தா காலத்தது. பல இடங்களில் இரண்டு பின் சாக்கெட்டுதான் இருக்கிறது.

பதில் 1 – தேவகோட்டை

மாட்டவே கூடாது. எமிட்டர் என்பது ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையரின் எதிர்முனை. பேஸ் (மின்சாரம் வரும் லைன் கம்பி) எதிர்த்திசைக்குப் போகும் ஒவ்வோர் அரைச்சுற்றிலும் அது ஒரு டையோடு வழியாக நேரே பேஸுடன் சேர்ந்துவிடும். கிரவுண்ட் கிளிப்போ ஸ்கோப்பின் உடல் வழியாக எர்த்துடன் இணைந்திருக்கிறது. ஆகவே கிளிப்பை வைத்து மின்சாரம் கொடுத்தால் பேஸும் எர்த்தும் ஷார்ட் ஆகி, பிரிட்ஜும் புரோப் வயரும் கருகும்; ஸ்கோப்பும் தப்பும் என்று சொல்வதற்கில்லை.

எர்த் பின்னைக் கழற்றினால் ஷார்ட் நிகழாது, அலைவடிவமும் அழகாகத் தெரியும். அந்த யோசனையை நம்பவைப்பதும் அதுதான். ஆனால் ஸ்கோப்பின் உலோகப் பகுதிகள், யுஎஸ்பி துளை, அடுத்த சேனலின் கிளிப் எல்லாமே 325 வோல்ட் உச்சம் வரை ஏறி நிற்கும். தாங்கள் இரண்டு பின் சாக்கெட்டில் செருகினாலும் நிலைமை இதேதான். முதலில் அந்த அறைக்கு முறையான எர்த் போடுங்கள்.

பதில் 2 – காரைக்குடி

மெயின் லைனிலிருந்து மின்தொடர்பைப் பிரித்துக் கொடுக்கும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைப்பதானால் அது அடுப்புக்குத்தான், ஸ்கோப்புக்கு அல்ல. 2000 வாட் அடுப்புக்கு அவ்வளவு பெரிய டிரான்ஸ்ஃபார்மர் கட்டுப்படியாகாது என்பது வேறு விஷயம். அதை வைத்த பிறகும் கிளிப் மாட்டிய முனை எர்த் ஆகிவிடுவதால், மற்ற முனைகளைத் தொட்டால் ஷாக் அடிக்கும். எர்த்துக்கு மின்சாரம் கசிந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபியும் டிரிப் ஆகாது.

பதில் 3 – தேவகோட்டை

நல்ல வழி, 1000 வோல்ட்டுக்கு மேல் தாங்கும் டிஃபரென்ஷியல் புரோப் (எர்த்தைச் சாராமல் இரு முனைகளுக்கு இடையிலான வோல்ட்டை மட்டும் காட்டுவது). அது விலை கூடுதல் என்றால், தக்க வோல்ட் அளவு குறிக்கப்பட்ட 100எக்ஸ் புரோப் (வோல்ட்டை நூறில் ஒன்றாகக் குறைத்து ஸ்கோப்புக்குக் கொடுப்பது) இரண்டை வாங்கி, இரண்டின் கிளிப்பையும் எதிலும் மாட்டாமல் கழற்றிவைத்துவிட்டு, ஒன்றைக் கலெக்டரிலும் மற்றொன்றை எமிட்டரிலும் வைத்து, ஒரு சேனலிலிருந்து மற்றதைக் கழித்துப் பாருங்கள். வேகமான விளிம்புகளில் சற்றுத் துல்லியம் குறையும். பழுது பார்க்க அது போதும்.

ஸ்கோப்புடன் வரும் 10எக்ஸ் புரோப் இதற்கு ஆகாது. அவை பெரும்பாலும் 600 வோல்ட்டுக்கே உரியவை; ஒற்றை ஐஜிபிடி அடுப்பில் கலெக்டர் 1000 வோல்ட்டைத் தாண்டக்கூடும் என்பதால்தான் அங்கே 1200 வோல்ட் ஐஜிபிடி போடுகிறார்கள். புரோப் சுவிட்ச் கைபட்டு 1எக்ஸுக்கு நகர்ந்தால் முழு வோல்ட்டும் ஸ்கோப்புக்குள் போய்விடும்.

மின்சாரத்தை நிறுத்தி, கெபாசிட்டரைத் தக்க வாட் உள்ள ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் சரிபார்த்த பிறகே புரோபை மாட்டுங்கள். ஓடும்போது அதைத் தொடாதீர்கள். அடுப்பின் 5 மைக்ரோஃபாரட் சிறியதுதான். ஆனால் வேறு கருவிகளில் 325 வோல்ட்டில் நிற்கும் 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஏறத்தாழ 25 ஜூல் வைத்திருக்கும். அதை ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்வது முட்டாள்தனம்.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. எர்த் போட்ட பிறகே தொடங்குகிறேன். கழித்துப் பார்க்கும்போது ஸ்கேல் எவ்வளவு வைக்க வேண்டும்?

பதில் 4 – தேவகோட்டை

இரண்டு சேனலையும் கட்டத்துக்கு 200 வோல்ட் என ஒரே அளவில் வையுங்கள். எர்த்தைப் பொறுத்து எமிட்டரே −325 வரை இறங்கும் என்பதால், பூஜ்யக் கோட்டை அடியிலிருந்து இரண்டு கட்டம் மேலே நிறுத்துங்கள். எட்டுக் கட்டத் திரையில் −400 முதல் 1200 வரை இடம் கிடைக்கும். ஏதேனும் ஒரு சேனலின் அலை திரைக்கு வெளியே வெட்டுப்பட்டால் கழித்தல் விடை தவறாகிவிடும்.