நந்தன் சரித்திரம்: பண்ணையாளின் குரலா, அடங்கிப் போகச் சொன்ன பாட்டா?

வெண்ணாற்றங்கரை:
நேற்று எங்கள் ஊர்க் கோயில் கச்சேரியில், 19ஆம் நூற்றாண்டுக் கோபாலகிருஷ்ண பாரதி நந்தனார் கதையைப் பாட்டாக எழுதிய ‘நந்தன் சரித்திர’த்திலிருந்து ‘வருகலாமோ’ பாடினார்கள். பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. தில்லைக் கோயிலுக்குள் வரலாமா என்று, சாதியால் ஒதுக்கப்பட்ட பண்ணையாள் நந்தன் கெஞ்சுகிறான். கடைசியில் நெருப்பில் இறங்கி, பூணூல் போட்ட முனிவராக வெளியே வந்த பிறகுதான் கதவு திறக்கிறது. கோபாலகிருஷ்ண பாரதி உருக்கமாகப் பாடிப் பண்ணையாட்களைப் பொறுத்துப் போகச் சொல்லிவிட்டார் என்பது என் கட்சி.

மாயவரத்துக்காரன்:
தம்பி, அந்த நெருப்பு பாரதி மூட்டியது இல்லை, 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழாரிடமே இருக்கிறது. பாரதி புதிதாகச் சேர்த்தது எது என்று பாருங்கள். பெரியபுராணத்து நந்தனாருக்கு எஜமான் கிடையாது. தொழிலுக்காக ஊரார் ஒதுக்கிக் கொடுத்த நிலத்தின் விளைச்சலில் சாப்பிடுகிறார், தன் பிறப்பை எண்ணித் தயங்கித்தான் ‘நாளைப் போவேன்’ என்கிறார். தடை அவர் மனசுக்குள்.

பாரதி அந்தத் தடையை வெளியே எடுத்து வரப்பில் நிறுத்தினார். வேதியர் என்று ஒரு நிலக்காரரைப் படைத்தார். தில்லைக்குப் போக உத்தரவு கேட்டு நிற்கிற நந்தனிடம், 40 வேலி வேலையையும் முடித்துவிட்டுப் போ என்கிறார் அவர். இன்றைய கணக்கில் 260 ஏக்கருக்கு மேல்! 1799 ஒப்பந்தத்தில் தஞ்சை கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போன பிறகும் வயலில் மிராசுதார் பிடி தளரவில்லை. ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த பிராமணரான பாரதி அதைக் கண்ணால் பார்த்து, தெருவில் புழங்கிய நொண்டிச் சிந்து மெட்டிலும் பாடி வைத்தார். பக்திக்குள் கூலிக் கணக்கு நுழைந்தது அங்கேதான்.

கீவளூர் வாசகி:
அண்ணே, அந்த 40 வேலியை முடித்தது யார்? சிவகணங்கள், ஒரே ராத்திரியில். என் அப்பாயி நடவுக்குப் போனவர். கால் விரலிடுக்கில் சேற்றுப்புண், ராத்திரி மஞ்சளும் எண்ணெயும் குழைத்துத் தடவிக்கொண்டு தூங்குவார். அவரைப் போன்றவர்கள் நட்ட வயலைக் கணங்கள் விளைவித்ததாகப் பாடும்போது அந்தக் கால் மறைந்துபோகிறது. அப்புறம், நெருப்பு என்றால் எங்கள் பக்கம் வேறு ஞாபகம். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலி நெல் கூட்டிக் கேட்ட தகராறில் ஒரே குடிசையில் 44 பேர் எரிந்தார்கள். அவர்களில் யாரும் முனிவராகி வெளியே வரவில்லை.

மாயவரத்துக்காரன்:
நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை அம்மா. கணங்களைக் கொண்டுவந்த இடத்தில் பாரதி பின்வாங்கிவிட்டார், சரி. ஆனால் உத்தரவு கொடுக்க மறுக்கிற அந்த வாயை அவர் எழுதியதை விட்டுத்தர மாட்டேன்.

வெண்ணாற்றங்கரை:
வேதியர் விஷயம் எனக்குத் தெரியாது அண்ணே, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் நான் கேட்ட கச்சேரிகளில் அந்த இடத்தை ஏன் யாரும் பாடவில்லை? கெஞ்சுகிற பாட்டுதானே திரும்பத் திரும்ப வருகிறது?

மாயவரத்துக்காரன்:
பழைய பதிப்பு ஒன்று வீட்டில் இருக்கிறது. நந்தனும் வேதியரும் வாதாடுகிற பகுதியை ஞாயிற்றுக்கிழமைக்குள் தட்டச்சு செய்து இங்கேயே போடுகிறேன். படித்துவிட்டுச் சண்டை போடுங்கள்.