மெயிலில் ஒட்டி வந்த பேட்ச்

எங்கள் டீமுக்குப் புதிதாக வந்த தம்பி, மேக்ஃபைலில் (எதை எப்படி பில்ட் செய்ய வேண்டும் என்று ‘மேக்’ கருவிக்குச் சொல்லும் ஃபைல்) ஒரு பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தினான். ரெப்போவில், அதாவது ‘கிட்’ மென்பொருள் எங்கள் கோடையும் அதன் மாற்ற வரலாற்றையும் வைத்திருக்கும் இடத்தில், எழுதும் அனுமதி அவனுக்கு இன்னும் வரவில்லை. அதனால் டிஃப்பை (எந்த வரி எப்படி மாறியது என்று காட்டும் பட்டியல், இதுதான் பேட்ச்) அப்படியே மெயிலில் ஒட்டி அனுப்பிவிட்டான். அதை என் ஃபைலில் ஏற்ற ‘கிட் அப்ளை’ கொடுத்தேன். ‘பேட்ச் டஸ் நாட் அப்ளை’ என்றது. வரி எண் சரி, மேலும் கீழும் உள்ள மும்மூன்று வரிகளும் எழுத்துக்கு எழுத்து சரி. அரை நாள் போனது. எடிட்டரில் மறைந்திருக்கும் எழுத்துகளைக் காட்டச் சொன்ன பிறகுதான் தெரிந்தது: ஃபைலில் டேப் இருந்த இடத்திலெல்லாம் பேட்சில் எட்டு ஸ்பேஸ். மெயில் மாற்றிவிட்டிருக்கிறது. லினக்ஸ் கெர்னல்காரர்கள் பேட்சை மெயிலில் ஒட்டாமல் ‘கிட் சென்ட்-ஈமெயில்’ வழியாக அனுப்புவது ஏன் என்று அன்றுதான் உறைத்தது.

சரி என்று ‘இக்னோர் ஒயிட்ஸ்பேஸ்’ சேர்த்துப் போட்டேன், ஏறிவிட்டது. மேக் ஓட்டினால் ‘மிஸ்ஸிங் செபரேட்டர்’! அந்த ஆப்ஷன் சுற்றியுள்ள வரிகளைப் பொருத்தும்போதுதான் இடைவெளி வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாது. புதிதாகச் சேரும் வரிகள் ஸ்பேஸோடுதான் உள்ளே வரும். மேக்ஃபைலிலோ கட்டளை வரி டேபில் தொடங்க வேண்டும்.

டேபை நானே போட்டுக் கமிட் செய்திருக்கலாம், அதாவது ரெப்போ வரலாற்றில் பதிந்திருக்கலாம். ஆனால் ஆத்தர் இடத்தில் என் பெயர் வந்திருக்கும். தேடிப் பிடித்தவன் அவன். எனக்கு மனசு ஒப்பவில்லை. கமிட்டை ஆத்தர் பெயர், மெசேஜோடு பேட்ச் ஃபைலாக்கும் ‘ஃபார்மேட்-பேட்ச்’ கொடுத்து, வரும் ஃபைலைத் தொடாமல் அட்டாச்மென்டாக அனுப்பச் சொன்னேன். அந்த ஃபைலைக் கமிட்டாகவே சேர்க்கும் ‘கிட் ஏஎம்’ ஒரே தடவையில் ஏற்றிக்கொண்டது. லாகில் அவன் பெயர், அவன் எழுதிய மெசேஜ், அவன் கமிட் செய்த நேரம். அவன் சீட்டுக்கே போய்க் காட்டினேன்.

—

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்தேன், எனக்கு வேறு மாதிரி. ஐந்து பேட்ச் கொண்ட வரிசையில் மூன்றாவதில் ‘ஏஎம்’ நின்றுவிட்டது. ‘த்ரீ-வே’ (பழைய நிலை, அவர் மாற்றம், நம் மாற்றம் மூன்றையும் ஒப்பிட்டு இணைப்பது) சேர்த்தால், அதற்குத் தேவையான பிளாப் (கிட் சேமித்து வைத்த ஃபைல் உள்ளடக்கம்) ரெப்போவில் இல்லை என்றது. பேட்சில் ‘இண்டெக்ஸ்’ வரியில் முதலில் இருக்கும் ஹாஷ் (உள்ளடக்கத்தின் அடையாளக் குறி), அனுப்பியவர் கைவைக்கும் முன் அந்த ஃபைல் இருந்த நிலை. அது நம்மிடமும் இருந்தால்தான் த்ரீ-வே நடக்கும். ‘அபார்ட்’ கொடுத்துத் தொடங்கிய இடத்துக்கே திரும்பினேன். பேட்ச் அனுப்பியவர் வேலை பார்த்த பிராஞ்சை (அவருடைய தனிக் கமிட் வரிசையை) ஃபெட்ச் செய்து என் ரெப்போவுக்குக் கொண்டுவந்துவிட்டு மறுபடி போட்டதும் நான்கு தானாக ஏறின. மூன்றாவதில் மட்டும் கான்ஃப்ளிக்ட், அதாவது இரு மாற்றங்களும் ஒரே இடத்தில் மோதின. கையால் சரிசெய்து ‘ஆட்’, அப்புறம் ‘கன்டினியூ’.

இப்போது யார் பேட்ச் அனுப்பினாலும், எந்தக் கமிட்டின் மேல் போட்டது என்றுதான் முதலில் கேட்கிறேன். ‘ஃபார்மேட்-பேட்ச்’சில் ‘பேஸ்’ ஆப்ஷன் கொடுத்தால் அந்த விவரம் பேட்சிலேயே வந்துவிடும், கேட்கவும் வேண்டாம்.