டைவர்சிட்டி பாலிசியைத் திருத்தும்போது எதை வைப்பது, எதை எடுப்பது?

புதுக்கிளை என்ற புனைபெயரில் ஒருவர் கேட்டது (பதில் சொல்பவர்களும் புனைபெயரில்):

சுமார் 400 பேர் வேலை செய்யும் நிறுவனம். அமெரிக்காவிலும் ஒரு கிளை உண்டு. டைவர்சிட்டி பாலிசியை, அதாவது பல பின்னணியினருக்கும் வேலையில் இடம் கிடைக்கச் செய்யும் விதிகளை, திருத்தி எழுதும் பொறுப்பு எச்.ஆர். பிரிவுக்கு வந்திருக்கிறது. இப்போது அதில் நான்கு அம்சங்கள் இருக்கின்றன: ஆண்டுக்கு ஒருமுறை எல்லோருக்கும் கட்டாயப் பயிற்சி, மேலாளர்களில் 40 சதவீதம் பெண்கள் என்ற இலக்கு, அதை எட்டும் துறைத்தலைவருக்கு போனஸ், விண்ணப்பங்களில் பெயரை மறைத்துப் பரிசீலிப்பது.

தகுதி அடிபடுகிறது, மொத்தத்தையும் தூக்கிவிடலாம் என்கிறது நிர்வாகத்தில் ஒரு தரப்பு. ஒரு வரியைத் தொட்டாலும் ஊழியர்களுக்குத் தவறான செய்தி போகும் என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டு கவலையிலும் நியாயம் இருக்கிறது. இந்த நான்கில் எது பலன் தருகிறது, எது தருவதில்லை, எதைப் புதிதாகச் சேர்க்க வேண்டும்?

அளவுகோல்:

நான்கும் ஒரே ரகம் அல்ல. அதனால் மொத்தமாக வைப்பதும் மொத்தமாக எடுப்பதும் தவறு.

கட்டாயப் பயிற்சிதான் இருப்பதிலேயே பலவீனமானது. காலெவ், டாபின், கெல்லி மூவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவின் 708 தனியார் பணியிடங்களின் முப்பதாண்டுத் தரவைப் பார்த்தது. மேலாளர்களின் மனச்சாய்வை மாற்ற முயலும் பயிற்சியால் மேலாளர் பதவிகளில் பன்முகத்தன்மை ஏறக்குறைய கூடவே இல்லை. முன்னேற்றத்துக்கு யாராவது ஒருவரையோ ஒரு குழுவையோ பொறுப்பாக்கிய இடங்களில்தான் தெளிவாகக் கூடியது. கட்டாயம் என்றாலே எதிர்ப்பு எழுவதும் ஒரு காரணம். அந்தப் பயிற்சி நேரத்தை நேர்காணல் நடத்துபவர்களுக்கு மதிப்பெண் போடக் கற்றுத்தரப் பயன்படுத்துங்கள்.

நீங்கள் சேர்க்க வேண்டியது கட்டமைக்கப்பட்ட நேர்காணல். தகுதி அடிபடுகிறது என்பவர்களுக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. வேலைக்கு ஆள் எடுக்கும் முறைகளில் பின்னாளைய வேலைத்திறனை நன்றாகக் கணிக்கும் முறைகளில் ஒன்று இது. அரட்டை போலப் போகும் நேர்காணல் பின்தங்குகிறது. செய்முறை:

விளம்பரம் போகும் முன்பே அந்த வேலைக்கு வேண்டிய 4 அல்லது 5 திறன்களையும் ஒவ்வொன்றின் எடையையும் எழுதிப் பூட்டிவிடுங்கள். எல்லோருக்கும் அதே 6 கேள்விகள், அதே வரிசை. 1 முதல் 5 வரை மதிப்பெண். 1, 3, 5 மூன்றுக்கும் பதில் எப்படி இருக்கும் என்று இரண்டு வரி விளக்கம். ஒவ்வொருவரும் தனியாக மதிப்பெண் எழுதிக் கொடுத்த பிறகே பேச்சு. 2 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்த கேள்விகளை மட்டும் விவாதித்தால் போதும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று இடங்களில். மூத்தவர் முதலில் வாய் திறந்தால் மற்றவர்களின் மதிப்பெண் அந்தப் பக்கம் சாயும். "நம் டீமுக்கு ஒத்துவருவாரா" என்ற கேள்வி எந்த அளவுகோலும் இல்லாமல் உள்ளே நுழையும். மூன்றாவதுதான் மோசம்: ஆளைப் பார்த்த பிறகு எடையை மாற்றுவது. உல்மன், கோஹென் என்ற ஆய்வாளர்கள் 2005இல் காட்டியது இதையே. காவல்துறைத் தலைவர் பதவிக்கு ஆண் விண்ணப்பதாரரிடம் எந்தத் தகுதி இருந்ததோ அதுவே முக்கியம் என்று மதிப்பிட்டவர்கள் முடிவு செய்தார்கள். அளவுகோலை முன்கூட்டியே உறுதி செய்ய வைத்தபோது அந்தச் சாய்வு மறைந்தது.

நடுக்கோடு:

பெயரை மறைப்பது பற்றி ஒரு எச்சரிக்கை. பிரான்ஸில் அரசு வேலைவாய்ப்பு அமைப்பு வழியாக நடந்த சோதனையின் முடிவு 2015இல் வெளியானது. பெயரில்லா விண்ணப்பங்களால் குடியேறிய குடும்பத்தவருக்கும் பின்தங்கிய பகுதியினருக்கும் நேர்காணல் அழைப்பு குறைந்தது. கலந்துகொள்ள முன்வந்த நிறுவனங்கள் ஏற்கெனவே அவர்களுக்குச் சாதகமாக இருந்தவை என்பது ஒரு விளக்கம். இன்னொன்று, படிப்பிலோ வேலையிலோ இடைவெளி இருந்தால் அதன் பின்னணி தெரியாததால் குறையாகவே படித்துவிட்டார்கள் என்பது. பாகுபாடு நடக்கும் இடத்தில் மறைப்பு உதவும். எந்தக் கட்டத்தில் நடக்கிறது என்று அளக்காமல் மறைப்பது வீண்.

அளப்பது எப்படி? விண்ணப்பம், முதல் வடிகட்டல், நேர்காணல், வேலை உத்தரவு என ஒவ்வொரு கட்டத்திலும் தேர்ச்சி விகிதத்தைத் தனித்தனியே பாருங்கள். 120 ஆண்களில் 36 பேருக்கு அழைப்பு என்றால் 30 சதவீதம். 80 பெண்களில் 16 என்றால் 20 சதவீதம். 20ஐ 30ஆல் வகுத்தால் 0.67. அமெரிக்காவில் 1978இல் வந்த ஐந்தில் நான்கு விதிப்படி 0.8க்குக் கீழே போனால் அந்தக் கட்டத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

அளவுகோல்:

நடுக்கோடு சொன்ன கணக்கு சரி, ஆனால் அதே எண்களை வைத்து யார் மீதும் குற்றம் சாட்டிவிடாதீர்கள். இன்னும் 4 பெண்களை அழைத்திருந்தால் விகிதம் 0.83 ஆகிவிடும். 200 விண்ணப்பங்களில் இந்த அளவு வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம். வழக்கமான 5 சதவீதப் புள்ளியியல் சோதனையில் (தற்செயலாக வர 5 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்பு இருந்தால்தான் வித்தியாசத்தை ஏற்பது) இது தேறாது. அதே விகிதம் 400 விண்ணப்பங்களிலும் நீடித்தால் தேறும். எனவே காலாண்டு எண்ணைப் பார்த்துப் பதறாமல், ஒரே மாதிரியான வேலைகளைச் சேர்த்து ஓராண்டுத் தரவாகப் பாருங்கள்.

புதுக்கிளை:

மிக்க நன்றி. 40 சதவீத இலக்கும் போனஸும்? அங்கேதான் சண்டை உச்சம்.

நடுக்கோடு:

போனஸை எடுத்துவிடுங்கள். எண்ணுக்குப் பணம் கட்டினால், தனித்தனி நியமனத்தில் பாலினம் பார்க்கத் துறைத்தலைவரைத் தூண்டுகிறீர்கள். அமெரிக்கக் கிளைக்கு இது நேரடி வழக்கு அபாயம். 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் ஏழாம் பிரிவு வேலையில் இனம், பாலினம் பார்த்து முடிவெடுப்பதை யாருக்கு எதிராக என்றாலும் தடுக்கிறது. பெரும்பான்மைக் குழுவைச் சேர்ந்தவர் வழக்குப் போட்டால் கூடுதல் நிரூபணம் கேட்கக்கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 ஜூனில் ஏம்ஸ் வழக்கில் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு ஜனவரியில் வந்த 14173ஆம் எண் அதிபர் உத்தரவு, அரசு ஒப்பந்ததாரர்கள் மீது 1965 முதல் இருந்த முன்னுரிமை நடவடிக்கைக் கடமையை (பெண்களுக்கும் சிறுபான்மையினருக்கும் வாய்ப்புக் கிடைக்க முனைந்து செயல்பட வேண்டும் என்பதை) ரத்து செய்தது. ஆனால் ஏழாம் பிரிவு அப்படியே இருக்கிறது. அதாவது பெண்களுக்கோ சிறுபான்மையினருக்கோ எதிரான பாகுபாடும் இன்றும் சட்டவிரோதம்தான். "டி.இ.ஐ. (பன்முகத்தன்மை, சமத்துவம், உள்ளடக்கம்) முடிந்துபோயிற்று" என்று அளவிடுவதையே நிறுத்தும் நிறுவனம் இந்தப் பக்க அபாயத்தை மறந்துவிடுகிறது.

போனஸ் வேண்டுமென்றால் செயல்முறைக்குக் கொடுங்கள்: மதிப்பெண் தாள்கள் முழுமையாக நிரப்பப்பட்டனவா, உள்ளே இருக்கும் காலியிடங்கள் எல்லோருக்கும் அறிவிக்கப்பட்டனவா என்று.

கரைமேல்:

இலக்கே வேண்டாம் என்ற அளவுக்குப் போக வேண்டாம். சட்டமே ஒதுக்கீடு வைத்த நாடுகளில் எண் நகர்ந்திருக்கிறது. நார்வே 2003இல் சட்டம் இயற்றி 2008க்குள் பொதுப் பங்கு நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் ஒவ்வொரு பாலினத்துக்கும் குறைந்தது 40 சதவீதத்தைக் கொண்டுவந்தது. இணங்காத நிறுவனத்தைக் கலைக்கவும் சட்டத்தில் இடம் இருந்தது. ஆனால் பின்னால் வந்த ஆய்வு, அதே நிறுவனங்களில் கீழ்மட்டப் பெண்களுக்கு அந்தப் பலன் பெரிதாக இறங்கவில்லை என்று காட்டியது. மேலே எண்ணை மாற்றினால் கீழே தானாக மாறும் என்று எண்ணி உங்கள் 40ஐ வைத்திருந்தால், அது நடக்காது. பதவி உயர்வுக்கான பட்டியலை யார், எந்த அடிப்படையில் தயாரிக்கிறார்கள் என்பதை எழுத்தில் கொண்டுவாருங்கள். மேலாளர் கைகாட்டினால்தான் பெயர் சேரும் என்றிருந்தால் அதை மாற்றி, தகுதியுள்ள எல்லோர் பெயரும் தானாகப் பட்டியலில் வரட்டும். விலக்கினால் காரணம் எழுதட்டும்.

இன்னொன்று, யாரும் இங்கே பேசாதது: மாற்றுத்திறனாளிகள். உங்கள் நான்கு அம்சங்களில் ஒன்றுகூட அவர்களைத் தொடவில்லை. விண்ணப்பப் படிவத்தை மவுஸ் இல்லாமல் விசைப்பலகையால் மட்டும் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை நிரப்பிப் பாருங்கள். திரைவாசிப்பானில் (பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் மென்பொருள்) ஒவ்வொரு பெட்டியின் பெயரும் ஒலிக்கிறதா, பாதியில் நேரம் முடிந்து படிவம் அழிகிறதா என்றும் சோதியுங்கள். நேர்காணல் அழைப்பிலேயே "கூடுதல் நேரம், சைகைமொழி, வசனவரி ஏதும் தேவையா" என்ற வரியை எல்லோருக்கும் பொதுவாகப் போடுங்கள். வரும் பதில் நேர்காணல் குழுவுக்குப் போகாமல், ஏற்பாடு செய்யும் ஒருவரிடம் மட்டும் இருக்க வேண்டும்.