"முந்தைய வேலையை ஏன் விட்டீங்க?": ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்து அனுபவங்கள்

பர்கூர் பையன்:
போச்சம்பள்ளி சிப்காட்டில் ஒரு கம்பெனியிலிருந்து இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவன். இதற்குள் மூன்று கம்பெனி மாறிவிட்டேன், அதில் ஒன்றில் சூப்பர்வைசரோடு தகராறு. "ஏன் விட்டீங்க?" என்று கேட்டால் என்ன சொல்வது? மாட்டிக்கொண்டவர்கள், தப்பித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ராயக்கோட்டைக்காரன்:
தம்பி, நான் ஓசூரில் குவாலிட்டியில் இருக்கிறேன். இப்போதைய கம்பெனி இண்டர்வியூவில் பிளான்ட் ஹெட்டே உட்கார்ந்திருந்தார். என் பயோடேட்டாவில் தேதிகளை மட்டும் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தார். மைக்ரோமீட்டர், டிராயிங் என்று ராத்திரியெல்லாம் படித்துவிட்டுப் போனது வீண். "இங்க ஒரு வருஷம், அங்க ஒரு வருஷம்கூட இல்ல. எங்ககிட்ட எத்தனை மாசம் இருப்பீங்க?" இதுதான் முதல் கேள்வி.

அப்போதே புரிந்துவிட்டது, என் பழைய கதை அவருக்குத் தேவையே இல்லை. எடுத்துப் பழக்கிய ஆள் பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வருவானா என்பதுதான் அவர் கவலை. முதலாவது அப்ரெண்டிஸ், காலம் முடிந்தது, சர்டிஃபிகேட் இருக்கிறது என்று நீட்டினேன். இரண்டாவதில் நடந்ததை அப்படியே சொன்னேன்: ராயக்கோட்டை வரை வந்த கம்பெனி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், செகண்ட் ஷிஃப்ட் முடிய நள்ளிரவு ஆகிவிடும், அந்த நேரத்தில் ஊருக்குப் போக வழி இல்லை. மனுஷன் விடவில்லை. "எங்க பஸ்ஸும் ராயக்கோட்டைக்கு வராதே?" என்றார். "சார், இப்ப மூக்கண்டப்பள்ளியில ரூம் எடுத்துட்டேன், நடந்தே வந்துடுவேன்" என்றேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத்தான் அடுத்த கேள்விக்குப் போனார்.

அதனால் காரணத்தைச் சொல்லும்போது, அந்தக் காரணம் இப்போது இல்லை என்பதையும் சேர்த்துச் சொல். சம்பளத்துக்காக மாறினேன் என்று சொல்வதிலும் தப்பில்லை. ஆனால் மூன்று இடத்துக்கும் அதையே சொன்னால், நாலாவதாக வேறொருவன் ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்தால் போய்விடுவாய் என்றுதான் கணக்குப் போடுவார்கள்.

பாலக்கோடு அக்கா:
எங்களிடம் வேறு மாதிரி கேட்பார்கள். பிரசவத்துக்காக வேலையை விட்டேன் என்றதும், "அடுத்த குழந்தைக்கு எப்போ பிளான்?" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். 2017-லிருந்து முதல் இரண்டு பிரசவத்துக்குச் சம்பளத்தோடு 26 வாரம் லீவு என்று சட்டம் இருக்கிறது. நான் ஏஜென்சி மூலம் போனவள், லீவு கேட்டதற்கு "நின்னுக்கோம்மா, அப்புறம் கூப்பிடுறோம்" என்றார்கள். கூப்பிடவே இல்லை. இதையெல்லாம் இண்டர்வியூவில் கொட்டத் தோன்றும், ஆனால் எதிரில் இருப்பவர் நியாயம் கேட்க உட்காரவில்லை. "பையன் பால்வாடி போறான், மாமியார் கூடவே இருக்காங்க, ஜெனரல் ஷிஃப்டுக்குத் தினமும் வர முடியும்" என்றேன். குழந்தைக் கேள்விக்கு, "அதை வீட்டில் பேசிக்கிறோம் சார், இந்த வேலைக்கு என்னென்ன தெரியணும்னு சொல்லுங்க" என்றேன். வேலை கிடைத்தது. ஆனாலும் என் வீட்டுக்காரர் போன எந்த இண்டர்வியூவிலும் குழந்தையைப் பற்றி யாரும் கேட்டதில்லை, அந்தக் கடுப்பு இன்னும் போகவில்லை.

கேட்கிற பக்கம்:
ஓசூரில் ஹெச்ஆரில் இருக்கிறேன், மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். காரணத்தில் பாதிப் பேர் தேறிவிடுகிறார்கள், தேதியில்தான் விழுகிறார்கள். பயோடேட்டாவில் ஜூன் வரை வேலை என்று இருக்கும், பி.எஃப். சர்வீஸ் ஹிஸ்டரியில் மார்ச்சோடு நின்றிருக்கும். எத்தனை கம்பெனி மாறினாலும் பி.எஃப்.புக்கான யு.ஏ.என். நம்பர் ஒன்றுதான், பழைய கம்பெனிகள் வரிசையாக அதில் வந்துவிடும். இண்டர்வியூவுக்கு முன் பி.எஃப். போர்ட்டலுக்குள் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கம்பெனி வெளியேறிய தேதியைப் போடாமல் விட்டிருந்தால், கடைசி பி.எஃப். கட்டி இரண்டு மாதம் ஆனபின் நீங்களே போர்ட்டலில் பதிந்துகொள்ளலாம். அப்ரெண்டிஸ் சட்டப்படி இருந்த காலத்துக்கு பி.எஃப். கிடையாது, அதனால் அது அங்கே தெரியாது. ராயக்கோட்டைக்காரர் செய்ததுபோல் சர்டிஃபிகேட்டைக் காட்டினால் போதும்.

காவேரிப்பட்டணம் பக்கத்துப் பையன் ஒருவன் வருஷா வருஷம் ஜூலையில் வேலையை விட்டதாக எழுதியிருந்தான். மும்பையிலிருந்து வந்த எங்கள் மேனேஜர், இவன் ஓடுகாலி என்று ஒதுக்கிவிட்டார். பார்த்தால் மாங்கூழ் ஃபேக்டரி! தோத்தாபுரி மாம்பழ வரத்து முடிந்தால் லைனே நின்றுவிடும், அவன் என்ன செய்வான்? "சீசன் வேலை" என்ற ஒரு வரி பயோடேட்டாவில் இருந்திருந்தால் அப்போதே உள்ளே வந்திருப்பான்.

பர்கூர் தம்பி, சூப்பர்வைசர் பேச்சை நீயாக எடுக்காதே. கேட்டால், "வேலை பிரிச்சுக் கொடுத்ததில ஒத்துவரல, முறையா நோட்டீஸ் கொடுத்துட்டு வந்தேன்" என்பதோடு நிறுத்து. அவர் எப்படிப்பட்டவர் என்று விளக்க ஆரம்பித்தால் நாங்கள் அவரைவிட்டுவிட்டு உன்னைத்தான் கவனிப்போம். அதோடு, ஒரு சிப்காட்டில் இருக்கிற ஹெச்ஆர்கள் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள், ஒரு போனில் விசாரித்துவிடுவோம். சரி, அந்தக் கம்பெனியில் ரிலீவிங் லெட்டர் வாங்கினாயா இல்லையா? அதை முதலில் சொல், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.