புதுப்பிப்பு: அண்ணாவின் அம்புமுனை

ஒன்டாரியோவில் வில்லால் மான் வேட்டையாடும் அண்ணாவுக்கு நிலையான அலகுள்ள (வெட்டும் தகடுள்ள) முனையா, பட்டதும் விரியும் முனையா நல்லது என்று போன மாதம் கேட்டிருந்தேன். நேற்று இரவு வெள்ளவத்தையிலிருந்து அவரோடு நீண்ட நேரம் கதைத்தேன். நிலையானதுதான், முடிவாகிவிட்டது.

அவருடைய வில்லின் இழுவிசை, அதாவது நாணை முழுதாக இழுக்கத் தேவையான விசை, 45 இறாத்தல்தான். விரியும் முனை, அலகைத் திறக்கவே அம்பின் விசையில் ஒரு பங்கைத் தின்றுவிடும். எலும்பில் பட்டால் ஆழம் போகாமல் நிற்கலாம். காயத்தோடு ஓடும் மான் எங்கேயோ கிடந்து துடிக்கும். அதை நினைக்கவே எனக்குத் தாங்கேலாது. விரியும் முனை அகலமாக வெட்டுவது உண்மை, ஆனால் அது 65, 70 இறாத்தல் வில்லுக்குச் சரி.

நிலையான முனை காற்றைப் பிடித்து அம்பைத் திருப்பும். அதனால் வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே 100 கிரெயின் எடையுள்ள முனையைப் பூட்டியே எய்து பழகச் சொன்னேன்.

இங்கே வேட்டையாடலாமா என்று கேட்டவருக்கு: கூடாது. இலங்கையில் மான் வேட்டை சட்டப்படி குற்றம்.